சாணியில் இருக்கும் கிருமியை யார் தின்கிறார்கள்?

எங்கள் பகுதி இயற்கை உழவர் கூட்டத்தில் கீரை சாகுபடி செய்யும் ஒரு தங்கை கேட்டாங்க: "ஜீவாமிர்தத்துல நுண்ணுயிர் கோடிக்கணக்குல பெருகுதுன்னு சொல்றீங்க. நல்லது மட்டும் பார்த்துப் பார்த்துப் பெருகுமாண்ணா? நோய்க்கிருமியும் கூடவே பெருகாதா?" பக்கத்தில் இருந்த ஒருவர், "நாட்டு மாட்டுச் சாணியில கெட்டது இருக்காதும்மா" என்று முடித்துவிட்டார். பேச்சு பஞ்சகவ்யத்துக்குப் போய்விட்டது.

எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. நல்ல கேள்விக்கு நல்ல பதில் வேணும். மாடு எந்த இனமானாலும் அதன் குடலில் ஈ-கோலை இருக்கும். பெரும்பாலானவை தொந்தரவு இல்லாதவை. ஆனால் மனிதருக்கு ரத்தபேதி உண்டாக்கி, குழந்தைகளுக்குச் சிறுநீரகத்தையே கெடுக்கிற ஓ157 என்ற வகையும் சில மாடுகளின் குடலில் வாழ்கிறது. மாட்டிடம் எந்தக் குறியும் தெரியாது. சால்மோனெல்லாவும் அப்படி வரலாம். இதை மறைத்துப் பேசி இயற்கை வேளாண்மையை வளர்க்க வேண்டியதில்லை.

ஆனாலும் பாருங்க, தலைமுறை தலைமுறையாக வண்டி வண்டியாகச் சாணியைக் கொட்டியும் நம்ம வயல் நோய்க்காடாக மாறிவிடவில்லை. வெயில் ஒரு காரணம், காய்ச்சல் ஒரு காரணம், மண்ணில் ஏற்கெனவே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் புதிதாக வந்தவற்றுக்குச் சோறு மிச்சம் வைக்காதது இன்னொரு காரணம். இவற்றோடு, நாம் அதிகம் பேசாத ஒரு கூட்டமும் இருக்கிறது. பாக்டீரியாவை மேய்ந்து தின்னும் புரோட்டோசோவாக்கள். இயற்கை உழவர்கள் மண்புழுவைப் பற்றிப் பேசுவதில் பத்தில் ஒரு பங்குகூட இவற்றைப் பற்றிப் பேசுவதில்லை.

மண்ணுக்குள் ஒரு மேய்ச்சல்

அமீபா, பாரமீசியம் என்று பள்ளிக்கூடத்தில் படம் வரைந்தோமே, அதே இனம்தான். ஒரே ஓர் அணுதான் உடம்பு. உடம்பையே காலாக நீட்டி ஊர்ந்து, இரையை வளைத்து விழுங்குவது அமீபா. சாட்டை மாதிரி ஒரு இழையைச் சுழற்றி நீந்துவது ஒரு வகை. உடம்பெல்லாம் மயிர் போன்ற இழைகளால் துடுப்புப் போட்டுப் போவது மூன்றாவது வகை. மலேரியா உண்டாக்குவதும், அமீபா சீதபேதி உண்டாக்குவதும் இவற்றின் உறவுக்காரர்கள்தான், ஆனால் அவை நம் உடம்பை நம்பிப் பிழைப்பவை. நான் சொல்வது மண்ணிலும் நீரிலும் தன்பாட்டுக்கு வாழ்பவற்றைப் பற்றி.

பாக்டீரியா ஒரு கடுகு என்றால் அமீபா ஓர் எலுமிச்சம்பழம். நல்ல மண் ஒரு கிராம் எடுத்தால் பாக்டீரியா நூறு கோடி வரை இருக்கும். புரோட்டோசோவா பல்லாயிரத்திலிருந்து சில லட்சம் வரை. ஒவ்வொன்றும் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் பாக்டீரியாவை விழுங்கும். மண் துகளைச் சுற்றி ஒட்டியிருக்கும் மெல்லிய நீர்ப் படலம்தான் அவற்றின் வாய்க்காலும் சாலையும். ஈரம் காய்ந்தால் சாகாது. தன்னைச் சுற்றி உறுதியான கூடு கட்டிக்கொண்டு அடங்கிவிடும். மழை பெய்ததும் கூட்டை விட்டு வெளியே வந்து மறுபடி மேயத் தொடங்கும். கோடை மழைக்குப் பிறகு பயிர் இரண்டு மூன்று நாளில் பச்சை கட்டுவதில் இந்த மேய்ச்சலுக்கும் ஒரு பங்கு உண்டு.

நம்பிக்கை இல்லாதவர்கள் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு பிடி வைக்கோலை நறுக்கி, கண்ணாடிக் குடுவையில் போட்டு, குட்டைத் தண்ணீரும் கொஞ்சம் வரப்பு மண்ணும் சேர்த்து நிழலில் வையுங்க. நாலைந்து நாளில் மேலே ஆடை படரும். அதில் ஒரு சொட்டு எடுத்து, பக்கத்துப் பள்ளிக்கூடத்து நுண்ணோக்கியில் வைத்துப் பாருங்க. நான் முதலில் பார்த்த அன்று அறிவியல் ஆசிரியர் கதவைப் பூட்ட வேண்டும் என்று சொல்லும்வரை எழுந்திருக்கவில்லை. சந்தைக்கூட்டம் மாதிரி இருந்தது.

இந்த மேய்ச்சலால் பயிருக்கு என்ன லாபம்? பாக்டீரியாவின் உடம்பில் தழைச்சத்து அடர்த்தியாக இருக்கும். அதைத் தின்கிற புரோட்டோசோவாவுக்கு அவ்வளவு தழைச்சத்து தேவையில்லை. மிச்சத்தை அம்மோனியமாக வெளியே விடும். அது நடப்பது பெரும்பாலும் வேருக்குப் பக்கத்திலேயே, ஏனென்றால் வேர் கசியும் சர்க்கரைக்காகப் பாக்டீரியா கூடுவது அங்கேதான். ஆடு மேயும் இடத்தில் புழுக்கை விழுகிற கணக்குதான் இது. ஸ்வீடனில் மரியான் கிளார்ஹோல்ம் 1985இல் இதைத் தெளிவாக எழுதினார். கோதுமைச் செடியை புரோட்டோசோவா உள்ள மண்ணிலும் இல்லாத மண்ணிலும் வளர்த்துப் பார்த்தபோது, உள்ள மண்ணில் வளர்ந்த செடிதான் அதிகத் தழைச்சத்தை எடுத்திருந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டட் ஆய்வு நிலையத்தில் 1909இல் ரஸ்ஸலும் ஹட்சின்சனும், "புரோட்டோசோவா நல்ல பாக்டீரியாவைத் தின்று மண்வளத்தைக் குறைக்கிறது, ஆகவே மண்ணைச் சூடாக்கி அவற்றைக் கொல்வது நல்லது" என்ற கருத்தை முன்வைத்தார்கள். அதே நிலையத்தில் கட்லரும் அவர் கூட்டாளிகளும் 1920இல் தொடங்கி 365 நாளும், ஒரு நாள் விடாமல், மண் எடுத்து எண்ணினார்கள். அமீபா கூடிய நாளில் பாக்டீரியா குறைந்தது. அமீபா குறைந்தபோது பாக்டீரியா ஏறியது. மேய்ச்சல் நடப்பது அன்றே உறுதியாகிவிட்டது. மேய்ப்பவன் எதிரி இல்லை என்று புரிந்துகொள்ளத்தான் இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின.

நோய்க்கிருமியும் இரைதான்

நோய்க்கிருமி என்று நெற்றியில் எழுதி ஒட்டியிருக்காது. அமீபாவுக்கு ஈ-கோலையும் ஓர் இரை. இதற்குப் பெரிய சாட்சி வயலில் இல்லை, குடிநீரில் இருக்கிறது.

1892இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் காலரா வந்து 8,600 பேருக்கு மேல் இறந்தார்கள். எல்பே ஆற்று நீரை வடிகட்டாமல் அப்படியே குழாயில் விட்டிருந்தார்கள். ஒட்டியே இருந்த அல்தோனா நகரம் ஆற்றில் இன்னும் கீழே, ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த தண்ணீரையே எடுத்தது. ஆனால் அதை மணல் படுகை வழியாக மெதுவாக வடித்துக் கொடுத்தது. அங்கே நோய் மிகக் குறைவு. இரு நகரங்களுக்கும் எல்லையான தெருவில் ஒரு பக்கம் காலரா, மறுபக்கம் இல்லை. ராபர்ட் காக் இதை நேரில் பார்த்துப் பதிவு செய்தார்.

அந்த மணல் வெறும் சல்லடையாக வேலை செய்யவில்லை. பாக்டீரியா போகக்கூடாத அளவுக்கு மணலின் இடைவெளி சின்னதல்ல. படுகை நன்றாக வேலை செய்யச் சில வாரம் ஆகும். மேலே வழுவழுவென்று ஓர் உயிர்ப்படலம் பிடிக்க வேண்டும். அதில் கிருமி ஒட்டிக்கொள்ளும், புரோட்டோசோவா வந்து மேயும். சாக்கடை சுத்திகரிப்பிலும் இதையே கண்டார்கள். இங்கிலாந்தில் 1960களின் கடைசியில் கர்ட்ஸ் என்பவரும் கூட்டாளிகளும் புரோட்டோசோவா இல்லாமல் சுத்திகரிப்புத் தொட்டியை ஓட்டிப் பார்த்தார்கள். வெளியேறும் தண்ணீர் கலங்கலாகவே இருந்தது. இழையால் நீந்தும் வகையைச் சேர்த்ததும் தண்ணீர் தெளிந்தது, ஈ-கோலையும் வெகுவாகக் குறைந்தது.

மண்ணிலும் இந்த நியாயம்தான். நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஒரு சோதனையில், நுண்ணுயிர் வகைகள் குறைந்துபோன மண்ணில் ஓ157 நீண்ட நாள் பிழைத்தது. வகைகள் நிறைந்த மண்ணில் சீக்கிரம் குறைந்தது. குடியிருப்பு நிறைந்த தெருவில் திருடன் தங்க முடியாது, அவ்வளவுதான்.

நம் கடைகளில் விற்கும் சூடோமோனாஸ் கதையும் இதோடு சேர்ந்தது. வேர்ப் பகுதியில் அமீபா மேய வரும் வாடை பட்டதும், சூடோமோனாஸ் புளூரசன்ஸ் தன்னைக் காத்துக்கொள்ள நஞ்சைக் கூடுதலாகச் சுரக்கிறது. அந்த நஞ்சுதான் வேரழுகல் பூஞ்சைகளையும் அடக்குவது. சுரக்கத் தெரியாத பாக்டீரியா மேய்ச்சலில் போகும், சுரப்பது மிஞ்சும். சீனாவின் நான்ஜிங் ஆய்வாளர்கள் 2020இல் தக்காளி வாடல் நோயைப் பார்த்தபோது, நடவு நேரத்தில் மண்ணில் இருந்த ஓரணு உயிரிகளின் கூட்டு, எந்தச் செடி பின்னால் வாடும் எது தப்பும் என்பதோடு பொருந்திப் போனது. வாடல் வந்த தோட்டத்தில் சூடோமோனாஸ் மட்டும் ஊற்றிப் பலன் இல்லை என்பவர்கள், அந்த மண்ணில் மேய்ப்பவர்கள் இருக்கிறார்களா என்றும் பார்க்கணும். மூடாக்கும் ஈரமும் இல்லாத மண்ணில் அவை கூட்டுக்குள்தான் கிடக்கும்.

இதுவரை சொன்னது நல்ல சேதி. ஆனால் மேய்ச்சல் ஒருபோதும் துடைத்து எடுக்காது. அறுவடை முடிந்த வயலில் நெல் பொறுக்குகிற மாதிரி நினைத்துக்கொள்ளுங்க. அடர்த்தியாக உதிர்ந்து கிடந்தால் பொறுக்கலாம். ஒரு சதுர அடிக்கு ஒரு மணி என்றால் குனிகிற கூலிக்குக் கட்டாது. புரோட்டோசோவாவும் இரை ஓர் அளவுக்குக் குறைந்ததும் விட்டுவிடும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் அலெக்சாண்டர் குழு 1970களில் மண்ணில் ரைசோபியத்தைச் சேர்த்துப் பார்த்தபோது இதுவே நடந்தது: எண்ணிக்கை மளமளவென்று சரிந்தது, பிறகு ஓரிடத்தில் நின்றுவிட்டது. பாக்கெட் பாக்கெட்டாகப் போட்ட ரைசோபியம் எங்கே போச்சு என்று கேட்பவர்களுக்கு இது ஒரு பதில். நோய்க்கிருமிக்கும் அதே கணக்கு. குறையும், ஆனால் மிச்சம் இருக்கும். ஓ157 மாதிரிக் கிருமிக்கு மிச்சம் கொஞ்சம் இருந்தாலே போதும்.

விழுங்கியும் செரிக்காதவை

அடுத்தது இன்னும் சிக்கலானது. விழுங்கப்பட்ட எல்லாம் செரிப்பதில்லை.

1976 ஜூலையில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஓட்டல் ஒன்றில் நடந்த முன்னாள் படைவீரர் மாநாட்டுக்குப் பிறகு 200 பேருக்கு மேல் கடும் நிமோனியா வந்தது. 34 பேர் இறந்தார்கள். காரணம் லெஜியோனெல்லா என்ற, அதுவரை யாரும் அறியாத பாக்டீரியா. அது சாதாரண நீரில் வாழ்வது. சத்தில்லாத தண்ணீரில் அது எப்படிப் பெருகுகிறது என்ற புதிருக்கு, இங்கிலாந்தின் லீட்ஸில் ரோபாத்தம் 1980இல் விடை சொன்னார். அமீபா அதை விழுங்குகிறது. அமீபாவின் வயிற்றுக்குள்ளேயே அது பெருகி, கடைசியில் அமீபாவை வெடித்துக்கொண்டு வெளியே வருகிறது.

நம் ரத்தத்தில் கிருமியை விழுங்கும் வெள்ளணுக்கள் இருக்கின்றன. அவை வேலை செய்யும் விதம் அப்படியே அமீபாவின் விதம்: வளைப்பது, விழுங்குவது, பைக்குள் அடைத்து அமிலத்தால் செரிப்பது. இதை 1882இல் நட்சத்திரமீன் குஞ்சுகளில் முதலில் கண்ட மெச்னிக்கோவுக்கு 1908இல் நோபல் பரிசு கிடைத்தது. அமீபாவின் வயிற்றில் சாகாமல் இருக்கக் கற்ற பாக்டீரியா நம் வெள்ளணுவுக்குள்ளும் சாகாது. மனிதனைத் தாக்க வேண்டும் என்ற நோக்கம் அதற்கு இல்லை. கோடிக்கணக்கான ஆண்டு மண்ணிலும் சேற்றிலும் நடந்த சண்டையில் கூர்தீட்டிய ஆயுதம் நம் நுரையீரலிலும் வேலை செய்துவிடுகிறது.

அமீபா இன்னொரு உதவியும் செய்துவிடுகிறது. அது கூடு கட்டும்போது உள்ளே மாட்டிய கிருமியும் கூட்டுக்குள் பத்திரமாகிவிடும். லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரினைத் தாங்கி லெஜியோனெல்லா அமீபாக் கூட்டுக்குள் பிழைத்ததை 1990இல் பதிவு செய்தார்கள். நம் குடிநீர்க் குழாயின் கடைசியில் இருக்க வேண்டிய அளவு லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்தான். சால்மோனெல்லாவோ வேறு தந்திரம் வைத்திருக்கிறது. மண்ணில் வாழும் டெட்ராஹைமினா என்ற புரோட்டோசோவா அதை விழுங்கி, செரிக்க முடியாமல் சின்னச் சின்னப் பைகளில் கட்டி வெளியே தள்ளுகிறது. பைக்குள் இருக்கும் சால்மோனெல்லா தனியாக இருப்பதைவிட நீண்ட நாள் தாங்குகிறது. நம்ம பிளீச்சிங் பவுடரில் இருக்கும் அதே வகைக் குளோரின் சரக்கையும், அளவு குறைவாக இருந்தால், தாங்கிக்கொள்கிறது. கீரையை அறுத்த பிறகு மருந்துத் தண்ணீரில் முக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்கள் இதைக் கவனிக்கணும்.

(கேரளத்தில் 2024லும் 2025லும் 'மூளையைத் தின்னும் அமீபா' என்று செய்தி வந்ததே, அது வேறு விஷயம். நெக்லேரியா என்ற அந்த அமீபா தானே நோய் தருவது. வெதுவெதுப்பான குளத்து நீர் மூக்கு வழியாக ஏறினால்தான் ஆபத்து. குடிப்பதால் வராது. அதை நினைத்து மண்ணில் கை வைக்கப் பயப்பட வேண்டாம்.)

அப்போ நாம் என்ன செய்வது?

முதலில் கீரை. பச்சைச் சாணியைப் பொறுத்தவரை அமெரிக்க இயற்கை வேளாண் சட்டத்தில் ஒரு நல்ல விதி இருக்கிறது: உண்ணும் பாகம் மண்ணில் படுகிற பயிர் என்றால், சாணியை மண்ணில் கலந்து 120 நாள் கழித்துத்தான் அறுக்கலாம். மண்ணில் படாத பயிர் என்றால் 90 நாள். மண்ணுக்குள் மேய்ச்சலும் வெயிலும் தங்கள் வேலையைச் செய்யக் கொடுக்கும் அவகாசம் அது. நெல்லுக்கும் வாழைக்கும் இது இயல்பாகவே கிடைத்துவிடுகிறது. ஆனால் அரைக்கீரையும் சிறுகீரையும் 25, 30 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். ஆகவே கீரைப் பாத்திக்குப் பச்சைச் சாணி கூடவே கூடாது, சரியாக வெந்த மக்கு எரு மட்டும்தான்.

வெந்த எரு என்றால் கறுப்பாக இருப்பது மட்டும் இல்லை. குவியலின் உள்சூடு 55 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் 15 நாள் நிற்க வேண்டும், அதற்குள் ஐந்து தடவை புரட்ட வேண்டும். வெளியே இருப்பது உள்ளே போனால்தான் எல்லாம் வேகும். நூறு டிகிரி வரை காட்டும் கம்பி வெப்பமானி ஒன்றைக் குழுவாக வாங்கி வைத்துக்கொள்ளலாம். கையை விட்டுப் பார்த்து 'சுடுது' என்பது கணக்கில் வராது, ஏன்னா 45 டிகிரியே கைக்குச் சுடும். வெந்து ஆறிய எருவை ஈரமாக மூடாக்குப் போட்டு ஒரு மாதம் வைத்தால் அமீபாவும் மற்றதும் மறுபடி குடியேறும். உடனே எடுத்துப் போடுவதைவிட அது நல்லது.

ஜீவாமிர்தத்துக்கு வருவோம். அதில் வரப்பு மண் ஒரு கைப்பிடி போடச் சொல்கிறார்களே, அதை விட்டுவிடாதீங்க. மாட்டின் இரைப்பையிலும் புரோட்டோசோவா இருக்கிறது, ஆனால் அது காற்றுப் பட்டால் செத்துவிடும். நம் மண்ணில் வாழக்கூடியவை அந்தக் கைப்பிடி மண்ணோடுதான் வருகின்றன. அதே சமயம் வெல்லம் நோய்க்கிருமிக்கும் இனிப்புதான். மக்கு எருச் சாற்றில் சர்க்கரைப்பாகு சேர்த்து ஊறவைத்தபோது ஓ157உம் சால்மோனெல்லாவும் பெருகியதை அமெரிக்க ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே நான் ஜீவாமிர்தத்தைக் கீரைக்கு விதைப்புக்கு முன் மண்ணில் விடுவதோடு சரி. இலை மேல் தெளிப்பதில்லை. பச்சையாகத் தின்கிற கொத்தமல்லி, புதினா, வெள்ளரிக்கும் அதே முறைதான். மண்ணில் விழுந்த கிருமியை மேய ஆள் இருக்கு. இலை மேல் விழுந்ததை மேய அவ்வளவு ஆள் இல்லை. நெல், கரும்பு, தென்னைக்கு இந்தக் கட்டுப்பாடு தேவைப்படாது.

அடுத்தது எருக்குவியலைப் புரட்டுகிறவர்கள். லெஜியோனெல்லாவிலேயே லாங்பீச்சே என்ற இனம் மக்கிலும் தொட்டி மண்ணிலும் வாழ்வது. ஆஸ்திரேலியாவில் 1989 வாக்கில் தோட்ட வேலை செய்தவர்களுக்கு வந்த நிமோனியாவைத் தொடர்ந்து போனபோது, கடையில் வாங்கிய தொட்டி மண்ணில் அது இருந்தது. இன்றைக்கு அங்கே அந்த மூட்டைகளில் எச்சரிக்கை அச்சடித்தே விற்கிறார்கள். காய்ந்த எருவைக் கிளறினால் பறக்கும் தூசிதான் வழி. தண்ணீர் தெளித்துவிட்டுப் புரட்டுங்க, மூக்கையும் வாயையும் துண்டால் கட்டிக்கொள்ளுங்க. வேலை முடிந்து கை கழுவாமல் பீடியைத் தொடாதீங்க. புகைபிடிப்பவர்கள், ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் கூடுதல் கவனமாக இருக்கணும்.

சேற்றில் இறங்குகிறவர்களுக்கு

கடைசியாக, நெல் வயல். மெலியோய்டோசிஸ் என்று ஒரு நோய். பெயர் கேள்விப்படாதவர்கள்தான் அதிகம். 1911இல் ரங்கூனில் மருத்துவர்கள் விட்மோரும் கிருஷ்ணசாமியும் முதலில் கண்டு எழுதினார்கள். காரணமான பர்க்ஹோல்டேரியா சூடோமல்லை என்ற பாக்டீரியா வெப்ப நாடுகளின் மண்ணிலும் சேற்றிலும் இயல்பாக வாழ்வது. ஆஸ்திரேலியாவில் 2000ஆம் ஆண்டு வந்த ஆய்வில், அமீபா இதைச் சுருட்டி விழுங்குவதையும், இது உள்ளேயே உயிரோடு இருந்து தப்பி வெளியேறுவதையும் பார்த்திருக்கிறார்கள். நம் வெள்ளணுவுக்குள்ளும் அதே வித்தைதான் காட்டுகிறது.

2016இல் வந்த ஒரு மதிப்பீட்டின்படி உலகில் ஆண்டுக்கு 1,65,000 பேருக்கு இது வருகிறது, 89,000 பேர் இறக்கிறார்கள். நம் நாட்டில் கண்டுபிடிப்பதே குறைவு. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் பல ஆண்டுகளாக இந்நோயாளிகளைப் பற்றி எழுதி வருகிறார்கள். மழைக்காலத்தில், வயல் வேலை செய்பவர்களுக்கு, அதிலும் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத்தான் அதிகம் வருகிறது. காலில் உள்ள வெட்டு, வெடிப்பு வழியாக நுழையும். சேற்றுத் தூவலை மூச்சில் இழுத்தாலும் வரும். நீடித்த காய்ச்சல், நுரையீரல் பாதிப்பு, கல்லீரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டி என்று பல வேஷம் போடும். காசநோய் என்று தவறாக நினைத்து மாதக்கணக்கில் மாத்திரை கொடுப்பது நடக்கிறது.

தாய்லாந்தின் நெல் வயல்களில் மண் எடுத்துப் பார்த்தவர்கள், சத்துக் குறைந்து தேய்ந்துபோன மண்ணில்தான் இந்தக் கிருமி அதிகம் காணப்பட்டதாக 2016இல் எழுதினார்கள். இயற்கை விவசாயம் செய்தால் இந்த நோய் வராது என்று இதைவைத்து யாரும் மேடை போட வேண்டாம். அந்த ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. வளமான மண்ணில் மேய்ப்பவர்கள் அதிகம் என்பது எவ்வளவு உண்மையோ, இந்தக் கிருமி மேய்ச்சலுக்கு அடங்காதது என்பதும் அவ்வளவு உண்மை.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் நடவு, களையெடுப்புக்கு முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொள்ளணும். சேற்றில் அது கஷ்டம்தான், எனக்கும் தெரியும். முடியாதவர்கள் காலில் காயம் இருக்கும் நாளில் இறங்க வேண்டாம், வரப்பு வேலை பாருங்க. கரையேறியதும் சோப்புப் போட்டுக் காலைக் கழுவி வெடிப்புகளைப் பாருங்க. நம்மிடம் கூலிக்கு வரும் அக்கா, அண்ணன்களில் யாருக்குச் சர்க்கரை இருக்கிறது என்று கேட்டு வைத்துக்கொள்வது நம் பொறுப்பு. ஒரு வாரத்துக்கு மேல் காய்ச்சல் விடவில்லை என்றால் மருத்துவரிடம், "நான் நெல் வயல் சேற்றில் வேலை செய்கிறவன், எனக்குச் சர்க்கரை இருக்கு, ரத்தத்தைக் கல்ச்சர் சோதனைக்கு அனுப்ப முடியுமா?" என்று கேளுங்க. சாதாரண ரத்தச் சோதனையில் இது தெரியாது. கண்டுபிடித்துவிட்டால் மருந்து இருக்கிறது. முதலில் மருத்துவமனையில் தங்கி நரம்பு வழியாக ஊசி, பிறகு குறைந்தது மூன்று மாதம் மாத்திரை. உடம்பு தேறிவிட்டது என்று இரண்டாவது மாதத்திலேயே மாத்திரையை நிறுத்தினால், உள்ளே ஒளிந்திருப்பது திரும்ப வரும்.